வானத்தில் எழுதிய ஏடும் தரையில் எழுதாத ஏடும்



உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவின்போது கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஆசிரியர் தலையை எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் வெளியே நிற்கும் பழைய ரயில் எஞ்சினை நோக்கி ஓடிவிடுவது வழக்கம். அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் நின்று காலடியைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் அந்த இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் என்ற வேறொரு கட்டடம் இருந்தது. 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10-ஆம் தேதி அதன் ஒரு பகுதி விமானக் குண்டுக்கு இரையாகி இடிந்து போனது. அந்த மண்ணில் பின்னர் எழுந்ததுதான், 1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி திறக்கப்பட்ட இன்றைய தேசிய அருங்காட்சியகம்.

குண்டு போட்டது யார்? ஜப்பான்காரன் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். இல்லை. அப்போது மலாயாவை ஆண்டுகொண்டிருந்தவனே ஜப்பான்காரன். குண்டு போட்டவை அமெரிக்க விமானங்கள். அவை குறி வைத்ததும் அருங்காட்சியகத்தை அல்ல. பக்கத்தில் இருந்த ரயில்வே பாதைகளைத்தான். குறி தப்பியது.

சரி, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? எழுதி வைத்தார்கள், அதனால் தெரிகிறது. யார் எழுதி வைத்தார்கள்? மேலே பறந்தவர்கள். கீழே இருந்தவர்கள் என்ன எழுதி வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

ஸ்குவாட்ரன் என்றால் என்ன?

விமானப் படையில் ஸ்குவாட்ரன் என்பது ஒரு குடும்பம் மாதிரி. பத்துப் பதினாறு விமானங்கள், அவற்றை ஓட்டுகிறவர்கள், வழி பார்க்கிறவர்கள், வானொலி கேட்கிறவர்கள், துப்பாக்கி பிடிக்கிறவர்கள், குண்டு போடுகிறவர்கள், இவர்களைவிட அதிகமான எண்ணிக்கையில் தரையில் நின்று எஞ்சின் பழுது பார்க்கிறவர்கள், குண்டு ஏற்றுகிறவர்கள், சமைக்கிறவர்கள் என்று சில நூறு பேர் சேர்ந்தது ஒரு ஸ்குவாட்ரன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு சின்னம், ஒரு குறிக்கோள் வாசகம் உண்டு. நம் பள்ளிக்கூடத்துக்கு இருப்பதைப் போலத்தான்.

பிரிட்டிஷ் விமானப் படையில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினசரிப் பதிவேடு ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. அதற்கு அச்சடித்த தாள்கள் இரண்டு. 540-ஆம் எண் படிவத்தில் அன்றைய நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக எழுத வேண்டும். 541-ஆம் எண் படிவத்தில் எந்த விமானம், அதில் யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது, என்ன செய்தது என்று விமானவாரியாக எழுத வேண்டும். திரும்பி வராவிட்டால் அதையும் எழுத வேண்டும். அந்தத் தாள்கள் இன்றைக்கும் லண்டன் பக்கத்தில் கியூ என்னுமிடத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் படிக்கலாம்.

இது போதாதென்று ஒவ்வொரு விமானியிடமும் சொந்தமாக ஒரு பறப்பு ஏடு இருக்கும். தேதி, விமானத்தின் எண், வேலை, பறந்த நேரம் எல்லாம் அதில் ஏறும். பிரிட்டிஷ் விமானிகள் இரவில் பறந்ததைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவது போல வரி வரியாக எழுதிக்கொண்டே போவார்கள்.

போர் முடிந்ததும் இந்தப் பதிவேடுகளிலிருந்து ஸ்குவாட்ரன் வரலாறுகள் பிறந்தன. பிறகு, உயிர் தப்பியவர்கள் வயதான காலத்தில் பறப்பு ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் தம் நினைவுகளை எழுதினார்கள். சிலர் போர்க்காலத்திலேயே எழுதினார்கள். ஜெர்மனியின் அணைக்கட்டுகளை 1943-ஆம் ஆண்டு மே மாதம் தகர்த்த 617-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் கை கிப்சன் தம் நூலை எழுதிவிட்டு, 1944 செப்டம்பரில் விமானத்தோடு விழுந்து மாண்டார். அந்த நூல் 1946-இல் வெளிவந்தது. நம் பக்கத்துக் கதைகள் வர இன்னும் நாளாயிற்று. 1942-இல் சிங்கப்பூரிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் ஹட்சன் விமானங்களை ஓட்டிய டெரன்ஸ் ஓபிரையன், பின்பு இரவு நேரங்களில் காட்டுக்குள் ஒற்றர்களை இறக்கிய ரகசியப் பறப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது வெளிவந்தது 1987-இல். நாற்பது ஆண்டு காத்திருந்த கதை!

தினப் பதிவேடு, பறப்பு ஏடு, ஸ்குவாட்ரன் வரலாறு, சொந்த நினைவு என்று நான்கு படி உயரமுள்ள ஏணி அது. அதில் ஏறித்தான் அவர்கள் வரலாற்றுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

கரக்பூரிலிருந்து கோலாலம்பூர்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1944-ஆம் ஆண்டு அமெரிக்கா பி-29 என்ற ராட்சத விமானங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஒன்றில் பதினொரு பேர் போவார்கள். அவற்றை நடத்திய 20-ஆம் குண்டுவீச்சுத் தலைமையகம் வங்காளத்தில் கரக்பூரில் இருந்தது. அதன் நான்கு பெரும் பிரிவுகளும் கரக்பூர், சாகுலியா, பியர்டோபா, டுட்குண்டி ஆகிய தளங்களில் நிறுத்தப்பட்டன. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள சீனன்குடா தளத்திலிருந்தும் ஒருமுறை, 1944 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, ஐம்பதுக்கு மேற்பட்ட பி-29 விமானங்கள் கிளம்பின. சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்குவதற்காக அவை போயின.

கரக்பூர் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? ரயில்வே ஊர். பெரிய ரயில்வே ஒர்க்‌ஷாப் உள்ள ஊர். தெலுங்கரும் தமிழரும் வந்து குடியேறி வேலை பார்த்த ஊர். அங்கிருந்து கிளம்பிய விமானங்கள் கடல் தாண்டி ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் பறந்து வந்து எங்கே குண்டு போட்டன? தமிழர் வேலை பார்த்த இன்னொரு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில்!

1945 பிப்ரவரி தொடக்கத்தில் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் ஓர் உத்தரவு போட்டார். சிங்கப்பூர், பினாங்கு கடற்படைத் தளங்களைத் தொட வேண்டாம். மலாயாவை மீட்ட பிறகு அவை நமக்கே தேவைப்படும் என்பது அதன் கருத்து. கோலாலம்பூர் ரயில்வேக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வடக்கே சயாம் வரை ஜப்பானியரின் படையும் சாமானும் போய் வந்தது ரயிலில்தான். எஞ்சினைப் பழுது பார்க்கும் இடத்தை அழித்துவிட்டால் ரயில் தானே நின்றுவிடும் என்பது கணக்கு.

பிப்ரவரி 19-ஆம் தேதி ஏறத்தாழ ஐம்பது பி-29 விமானங்கள் கோலாலம்பூரின் மத்திய ரயில்வே ஒர்க்‌ஷாப்பைத் தாக்கின. அதுதான் நம் செந்தூல் ஒர்க்‌ஷாப். ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட இடம். அங்குள்ள கட்டடங்களில் பாதிக்கு மேல் நாசமாயின. மார்ச் 10-ஆம் தேதி இருபத்துச் சொச்சம் விமானங்கள் மீண்டும் வந்து ரயில் பெட்டிகளைக் கோக்கும் பாதைகளைத் தாக்கின. அன்றைக்குத்தான் அருங்காட்சியகமும் அடி வாங்கியது. மார்ச் முடிவோடு அந்த விமானங்கள் இந்தியாவை விட்டுப் பசிபிக் தீவுகளுக்குப் போய்விட்டன. அவர்களைப் பொறுத்தவரை கோலாலம்பூர் கதை அத்தோடு முடிந்தது.

அமெரிக்க விமானப் படையின் அதிகாரபூர்வ வரலாறு ஏழு பெரிய பாகங்களாக 1948-க்கும் 1958-க்கும் இடையில் வெளிவந்தது. அதன் நாள்வாரிக் குறிப்பு நூல் 1973-இல் தனியாக வந்தது. அந்தக் குறிப்பு நூலில் நம் ஊருக்குக் கிடைத்தது என்ன? இத்தனை விமானம், இந்த இலக்கு, வேறு இடத்தில் போட்டவை இத்தனை. அவ்வளவுதான். செந்தூல் என்ற பெயர்கூட அதில் இல்லை.

குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்கள்

பிரிக்பீல்ட்ஸ் என்றாலே ரயில்வேதான். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த வட்டாரத்தில், ரயில்வே தொழிலாளர்களுக்காகக் கட்டிய 'நூறு வீடு' வரிசைகள் அண்மைக் காலம் வரை இருந்தன. தண்டவாளம் போட்டவர், பாயிண்ட்ஸ்மேன், ஃபயர்மேன், கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர் என்று தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாதைகள். அந்தப் பாதைகள் கிடந்த நிலத்தில்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று நாம் நாசி லெமாக் பொட்டலத்தோடு ரயில் பிடிக்க ஓடும் இடம், அன்று விமானத்திலிருந்து குறி பார்க்கப்பட்ட இடம்.

குண்டு விழுந்த அன்று அங்கே வேலை பார்த்தவர்கள் ஜப்பானியப் படைவீரர்களா? பெரும்பாலும் நம்மவர்கள். ஜப்பான்காரன்மேல் பாசம் வைத்து அவர்கள் வேலைக்குப் போகவில்லை. அரிசி கிடைக்காத காலம் அது. மரவள்ளிக் கிழங்கே சோறு, வாழை மர நோட்டே காசு. வேலைக்குப் போனால் ரேஷன். போகாவிட்டால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம். "கிழங்கைத் தின்னோம், சாக்கைக் கட்டுனோம், இருந்தோம்" என்று பெரியவர்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று வருஷம் எட்டு மாதம் அடங்கிக் கிடக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே வந்த விமானத்தைப் பார்த்து ஒருவர், "வெள்ளைக்காரன் வந்துட்டான், இனி நல்ல காலம்" என்று மகிழ்ந்திருப்பார். அடுத்த வீட்டுப் பையன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தால், அவனுக்கு அதே விமானம் எதிரியின் விமானம். இரண்டு பேர் தலையிலும் விழப் போவது ஒரே குண்டு. இந்த வேதனையை எந்த ஸ்குவாட்ரன் வரலாற்றிலும் படிக்க முடியாது. அந்த நூல்களை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். அவர்கள் பல ஆயிரம் அடி உயரத்தில் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கூரை தெரியும். கூரைக்குக் கீழே இருப்பவரின் முகம் தெரியாது.

பறந்தவர்களைக் குறைத்துப் பேசுவதாக எண்ணிவிட வேண்டாம். இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள் அவர்கள். பதினேழு பதினெட்டு மணி நேரம் கடல்மேல் பறப்பார்கள். எஞ்சின் தீப்பிடித்தால் போக்கிடம் கிடையாது. அவர்கள் எழுதிய நினைவுகளில் பயமும் இருக்கிறது, நண்பனை இழந்த துக்கமும் இருக்கிறது. அவற்றைப் படித்தால் நமக்கும் கண் கலங்கும். கலங்கத்தான் வேண்டும்.

ஏடு தொலைந்தால் என்ன ஆகும்?

எழுத்துக்கு உள்ள வலிமையை மலாயா மண்ணில் நடந்த இரண்டு சம்பவங்களால் விளக்கலாம்.

முதலாவது, 1941 டிசம்பர் 9-ஆம் தேதி நடந்தது. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் பிளன்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் சயாமிலுள்ள சிங்கோராவைத் தாக்கக் கிளம்பத் தயாராக நின்றன. 62-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆர்தர் ஸ்கார்ப் முதலில் மேலே ஏறினார். அவர் ஏறிய அதே நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து தரையில் நின்ற மற்ற விமானங்களை நாசமாக்கிவிட்டன. ஸ்கார்ப் தனியாகவே சிங்கோரா சென்று குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் எதிரி விமானங்கள் சுட்டுப் படுகாயம். உயிர் ஊசலாடும் நிலையிலும் உடன் இருந்தவர்களுக்கு ஒரு காயமும் இல்லாமல் அலோர் ஸ்டாரில் வயலில் விமானத்தை இறக்கினார். அங்குள்ள மருத்துவமனையில் அவருடைய மனைவியே தாதி. அவர் இரத்தம் கொடுத்தும் கணவரைக் காப்பாற்ற முடியவில்லை. தைப்பிங் போர்க் கல்லறையில் ஸ்கார்ப் உறங்குகிறார்.

இவ்வளவு பெரிய வீரத்துக்கு விக்டோரியா சிலுவை எப்போது கிடைத்தது? 1946 ஜூன் மாதம்! ஓட்டமும் பின்வாங்கலுமாக இருந்த அந்த நாட்களில் காகிதங்கள் சிதறிப் போயின. கண்ணால் கண்டவர்கள் வெளியே வந்து சொன்ன பிறகே உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தால் அவர் பெயரும் போயிருக்கும்.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. 356-ஆம் ஸ்குவாட்ரன் 1944-இல் வங்காளத்தில் சல்பானி என்ற இடத்தில் தொடங்கப்பட்டது. லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் விமானங்கள் அதற்குச் சொந்தம். 1945 நடுவில் அது இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவுகளுக்கு மாறியது. அங்கிருந்து மலாயாக் காட்டில் ஒளிந்திருந்த 136-ஆம் படைக்குச் சாமான் போடுவது அதன் வேலைகளில் ஒன்று. ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆகஸ்ட் 23-ஆம் தேதி, கேஎல் 654 என்ற எண்ணுள்ள லிபரேட்டர் எட்டுப் பேரோடு கிளம்பியது. குண்டு போட அல்ல, துண்டுப் பிரசுரமும் சாமானும் போட. அது திரும்பவே இல்லை.

போர் முடிந்து எட்டு நாள் கழித்து எட்டு உயிர்! நெகிரி செம்பிலானில் ஜெலெபு பக்கத்து மலைக்காட்டில் அந்த விமானம் மோதிக் கிடந்தது. வீட்டில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 'காணவில்லை' என்ற செய்தி. ஆனால் ஒன்று பாருங்கள். பதிவேட்டில் விமானத்தின் எண் இருந்தது. அதில் ஏறியவர்களின் பெயர்கள் இருந்தன. அதனால்தான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு காட்டில் உடைந்த பாகங்கள் கிடைத்தபோது, "இது இன்ன விமானம், இவர்கள் இன்னார்" என்று சொல்ல முடிந்தது. மலேசியர்களும் சேர்ந்து தேடி, எலும்புகளைத் திரட்டி, 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 67 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஒரு தாளில் எழுதிய எட்டுப் பெயர்கள் எட்டுப் பேரையும் காட்டிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தன. எழுத்தின் சக்தி இதுதான்.

பெயர் எழுதப்படாதவர்கள்

இனி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். சயாம்-பர்மா ரயில் பாதையை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1942-க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் ஜப்பானியர் போட்டு முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். அவர்களில் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் செத்தார்கள்? தொண்ணூறாயிரம் என்று ஒரு மதிப்பீடு. மதிப்பீடுதான்! எண்ணிக் கணக்கு வைக்கவில்லை. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் மிகப் பலர். தனித்தனிப் பெயர் பொறித்த கல் யாருக்கு இருக்கிறது?

அந்தப் பாதை முடிந்த பிறகும் துன்பம் முடியவில்லை. பாலங்களை உடைக்க லிபரேட்டர்கள் வந்துகொண்டே இருந்தன. பாலத்துக்குப் பக்கத்திலேயே கைதிகளின் முகாம். உடைந்ததைச் செப்பனிட மறுபடியும் அவர்களே. குண்டு போட்ட ஸ்குவாட்ரன்களுக்கு வரலாறு உண்டு. பாலத்தைத் தூக்கி நிறுத்திய கூலிக்கு வரலாறு இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. மேலே சொன்ன 617-ஆம் ஸ்குவாட்ரன் அணை உடைத்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 19 விமானங்கள் போயின, 8 திரும்பவில்லை, 53 விமானிகள் மாண்டார்கள். 1951-இல் பால் பிரிக்ஹில் எழுதிய நூலும் அதையொட்டி வந்த படமும் அதை உலகப் புகழ் பெற்றதாக்கின. ஆனால் அணை உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஜெர்மானியர்கள் பிடித்து வந்து வேலை வாங்கிய வெளிநாட்டவர்கள். அவர்களில் பலர் உக்ரேன், ரஷ்யா பக்கத்துப் பெண்கள். வீரக் கதையில் இந்தப் பெண்களுக்கு இடம் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. ஐரோப்பாவிலேயே அப்படியென்றால், செந்தூல் தொழிலாளிக்கும் தோட்டத்துப் பால்மரக் கூலிக்கும் யார் எழுதுவார்கள்?

நாம்தான் எழுத வேண்டும். எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்ற நாவலையும் நமக்குத் தந்திருக்கிறார்கள். இரண்டும் கதைகள்தாம். ஆனால் 541-ஆம் படிவத்தில் ஏறாத மனிதர்கள் அவற்றில் ஏறியிருக்கிறார்கள். நம் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எப்படிப் படிப்பது?

போர் நூல் படிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். பையன்களுக்கு விமானம் என்றால் உயிர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிக்கும்போது கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: எழுதியவர் எங்கே நின்று பார்த்தார்? விமானத்திலா, தரையிலா, அலுவலகத்திலா?

இரண்டு: எப்போது எழுதினார்? அன்றே எழுதிய குறிப்புக்கும் நாற்பது ஆண்டு கழித்து எழுதிய நினைவுக்கும் வித்தியாசம் உண்டு. அன்றைய குறிப்பில் அவசரம் இருக்கும். பிந்திய நினைவில் மறதி இருக்கும், சில சமயம் மெருகும் இருக்கும்.

மூன்று: எதிர்ப்பக்கத்து ஏடு என்ன சொல்கிறது? 1941 டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தான் கடலில் இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானியக் கடற்படைக் குண்டுவீச்சு விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். மூழ்கிய கப்பலில் இருந்த அமெரிக்கச் செய்தியாளர் செசில் பிரவுன் பிழைத்து வந்து மறு ஆண்டே நூல் எழுதினார். தாக்கிய விமானிகளும் தம் பக்கத்தைப் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஒரு நாள் முழு நாளாகும்.

நான்கு: இந்தப் பக்கத்தில் யார் இல்லை? இதுதான் முக்கியமான கேள்வி. ஓர் ஊரின் மேல் குண்டு விழுந்ததாகப் படித்தால் அந்த ஊரில் யார் குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் நூலில் இல்லாவிட்டால் நூலுக்கு வெளியே தேடுங்கள்.

நம் கையில் உள்ள வேலை

சிங்கப்பூரில் 1979-இல் வாய்மொழி வரலாற்றுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். ஜப்பானியர் காலத்தைப் பற்றிச் சாதாரண மக்களைப் பேச வைத்துப் பதிவு செய்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமை, கொஞ்சம் அன்பு. இப்போது உங்கள் வீட்டுக் கைபேசியே ஒலிப்பதிவும் செய்யும்.

ஆனால் நேரம் இல்லை, பிள்ளைகளே. 1945-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறை எட்டியிருப்பார். செந்தூலிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானிலும், காப்பாரிலும், பந்திங்கிலும் அவர்கள் ஒருவர் இருவராகத்தான் மிச்சம். கோயில் திண்ணையிலும், மகள் வீட்டு வாசல் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். "பாட்டி, குண்டு விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறார்கள். கேட்டால் முதலில், "அதெல்லாம் எதுக்குய்யா இப்ப" என்பார்கள். விடாதீர்கள். மறுநாளும் கேளுங்கள்.

அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம். பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன படிவங்களைப் போல நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயர், அப்போது அவருக்கு வயது, இருந்த இடம், வீட்டில் யார் யார், என்ன வேலை, என்ன சாப்பிட்டார்கள், சங்கு ஊதினால் எங்கே ஓடினார்கள், யார் போனார்கள், யார் திரும்பி வரவில்லை. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நிதானமாக, எழுத்துப் பிழையில்லாமல், முழுப் பெயராக எழுதுங்கள். அந்தப் பெயர் உலகத்திலேயே உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கப் போகிறது. சொல்கிறவர் இல்லாமல் போன வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களிடம் கேளுங்கள். கேட்டுக் கேட்டு வளர்ந்த கதை அவர்கள் நெஞ்சில் இருக்கும். ஆனால் "என் அம்மா சொன்னது" என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் வாயிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்வதுதான் வரலாற்றுக்கு அழகு.

பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் இருக்கிறது. அது கோகோஸ் தீவில் 356-க்குப் பக்கத்து ஸ்குவாட்ரனான 99-இல் இருந்தது. பிறகு இந்திய விமானப் படையில் இருபது ஆண்டுக் காலம் பறந்தது. அதனால்தான் தப்பிப் பிழைத்து அருங்காட்சியகத்துக்குப் போனது. இரும்புக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. நல்லதுதான். அந்த இரும்பின் நிழலில் பதுங்கு குழியில் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பக்கம் எழுதி வைக்க நம்மால் முடியாதா?

அடுத்த ஆண்டு இந்த மலரில் ஒரு பக்கத்தைப் பெரியவர்களின் நினைவுகளுக்கென்று ஒதுக்கும்படி ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் கொண்டுவரும் நோட்டுப் புத்தகங்களால் அந்தப் பக்கம் நிறையட்டும்.

பரிசு பெற்ற பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப் போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.